துணிப்பையின் கணக்கு

நல்லெண்ணம் உள்ளத்தில் பிறப்பது; நற்பயன் உலகில் விளைவது. முன்னது இருந்தால் பின்னது தானே வந்து சேரும் என்று கருதுவது மக்கள் இயல்பு. அவ்வியல்பு எவ்வளவு நம்பத்தக்கது என்பதை அறிந்துகொள்ளப் பெரிய ஆராய்ச்சிக்கூடம் எதற்கும் செல்ல வேண்டியதில்லை. கடைக்குப் போகும்போது கையில் எடுத்துச் செல்லும் பையின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தாலே போதும்.

சுற்றுச்சூழலைப் பற்றிக் கட்டுரை எழுதப் பணிக்கப்படும் மாணவர், ‘நெகிழிப் பையை விலக்குவோம், துணிப்பையை ஏந்துவோம்’ என்று முடிப்பது வழக்கமாகிவிட்டது. ஆசிரியரும் அதற்கு நல்ல மதிப்பெண் வழங்குவர். அக்கூற்று பிழையன்று, ஆயின் முழுமையும் அன்று. எத்தனை முறை ஏந்தினால் அத்துணிப்பை நன்மை தரும்? எதனோடு ஒப்பிட்டு அந்நன்மை அளக்கப்படுகிறது? எந்தக் கேட்டைக் குறைப்பதற்காக அது ஏந்தப்படுகிறது? இவ்வினாக்களுக்கு விடை காண அறிவியலுலகம் அரை நூற்றாண்டுக்கும் மேலாக உழைத்து வந்துள்ளது. அவ்வுழைப்பின் வரலாறு, ஒரு பையின் வரலாறாக மட்டும் நின்றுவிடாமல், சிந்திக்கும் முறையின் வரலாறாகவும் அமைந்திருக்கிறது.

பைகள் பிறந்த கதை

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் நெகிழிப் பை பரவுவதற்கு முன்னர், சந்தைக்குச் சென்றவர் பிரம்புக் கூடையைக் கையில் கொண்டு சென்றனர். மீனும் இறைச்சியும் பழைய செய்தித்தாளிலோ இலையிலோ சுற்றித் தரப்பட்டன. காப்பிக் கடைகளில் காலியான பால் டின்னில் கயிறு கட்டிக் காப்பியை ஊற்றிக் கொடுத்தனர். இவற்றைச் செய்தவர் எவரும் சுற்றுச்சூழலைக் காப்பதாக எண்ணிச் செய்யவில்லை. பொருள் அரிதாக இருந்தது. ஆதலால் அதை வீணாக்க மனம் வரவில்லை. அவ்வளவே.

மேலை நாடுகளில் கடைக்காரர் பை கொடுக்கும் பழக்கம் தாள்பையோடு தொடங்கிற்று. 1852-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவைச் சேர்ந்த பிரான்சிசு உல்லி என்பவர் தாள்பை செய்யும் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். தட்டையான அடிப்பாகம் கொண்ட தாள்பையைச் செய்யும் பொறியை மார்கரெட் நைட் என்னும் அம்மையார் வடிவமைத்தார். அவ்வடிவமைப்பைத் தனதென்று கூறிய ஒருவரோடு வழக்காடி வென்று, 1871-இல் அவர் அதற்குரிய காப்புரிமையைப் பெற்றார். அதன்பின் தாள்பை கடைதோறும் நுழைந்தது. அதற்காக மரங்களும் வெட்டப்பட்டன.

பாலித்தீன் என்னும் பொருள் 1933-இல் இங்கிலாந்தின் வின்னிங்டனில் இருந்த ஒரு வேதிப்பொருள் ஆலையில், வேறொன்றைத் தேடிய சோதனையின்போது தற்செயலாகத் தோன்றிற்று. இரண்டாம் உலகப் போரில் இராடார் கருவிகளின் கம்பிகளுக்கு அஃது உறையாகப் பயன்பட்டது. 1953-இல் செருமானிய அறிஞர் கார்ல் சீக்ளர் மிகுந்த அழுத்தமின்றியே உறுதியான பாலித்தீனைச் செய்யும் வழியைக் கண்டார். 1965-இல் சுவீடன் நாட்டின் செல்லோபிளாஸ்ட் நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்டென் குஸ்தாவ் துலின் என்பார், கைப்பிடியோடு கூடிய மெல்லிய பையை வடிவமைத்து அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்.

இவ்விடத்தில் வரலாற்றின் விந்தையொன்று வெளிப்படுகிறது. தாள்பைகளுக்காக மரங்கள் அழிக்கப்படுவதைத் தடுக்கவே தம் தந்தை அப்பையை உருவாக்கினார் என்றும், மக்கள் அதை மடித்து வைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் பயன்படுத்துவர் என்றே அவர் எண்ணினார் என்றும் துலினின் மகன் பிற்காலத்தில் கூறியுள்ளார். காட்டைக் காக்க வந்த பையே கடலுக்குக் கேடாயிற்று. பையின் வடிவில் பிழையில்லை. அதை மக்கள் எவ்வாறு கையாள்வர் என்னும் எதிர்பார்ப்பே பிழைத்தது.

கணக்கு பிறந்த கதை

ஒரு பொருளால் உலகுக்கு நேரும் கேட்டை எவ்வாறு அளப்பது? கண்ணில் படும் குப்பையைக் கொண்டு அளப்பது எளிது. ஆனால் குப்பையாகும் முன்னரே ஒவ்வொரு பொருளும் நெடுந்தூரம் பயணம் செய்து வந்திருக்கிறது. கச்சா எண்ணெய் எடுப்பது, பருத்தி விளைவிப்பது, மரம் வெட்டுவது, ஆலையில் பதப்படுத்துவது, கப்பலில் ஏற்றுவது, பயன்படுத்துவது, கழுவுவது, எரிப்பது அல்லது புதைப்பது ஆகிய அனைத்தும் அப்பயணத்தின் படிகள். இப்படிகள் யாவற்றையும் பிறப்பு முதல் இறப்பு வரை கூட்டிப் பார்க்கும் முறைக்கே வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு என்று பெயர்.

இம்முறையின் தொடக்கம் ஒரு வணிக நிறுவனத்தின் தேவையிலிருந்து வந்தது. 1969-இல் கொக்கோ கோலா நிறுவனம், கண்ணாடிப் புட்டி நல்லதா, டின் நல்லதா, நெகிழிப் புட்டி நல்லதா என்று ஆராயும் பொறுப்பை அமெரிக்காவின் மிட்வெஸ்ட் ஆராய்ச்சி நிலையத்திடம் ஒப்படைத்தது. அவ்வாய்வு முழுமையாக வெளியிடப்படவில்லை. எனினும் அதே நிலையம் அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்காகச் செய்த ஆய்வு 1974-இல் வெளிவந்தது. 1973-இல் ஏற்பட்ட எண்ணெய் நெருக்கடி, ஒரு பொருளுக்குள் எவ்வளவு எரிபொருள் மறைந்து கிடக்கிறது என்னும் வினாவை எல்லா நாடுகளிலும் எழுப்பியிருந்தது. 1990-இல் அறிஞர்கள் கூடி இம்முறைக்கு இன்று வழங்கும் பெயரைச் சூட்டினர். 1997-இல் ஐ.எஸ்.ஓ. 14040 என்னும் பன்னாட்டுத் தரவிதி பிறந்தது.

இம்முறையின் உயிர்நாடி ஒப்பீட்டின் நேர்மையாகும். ஒரு துணிப்பையையும் ஒரு நெகிழிப் பையையும் நேருக்கு நேர் நிறுத்தி ஒப்பிடுவது முறையன்று. ஒரு குடும்பம் குறிப்பிட்ட காலத்தில் வாங்கும் பொருள்களைச் சுமந்து வருவதற்கு இதில் எத்தனை தேவை, அதில் எத்தனை தேவை என்று கேட்டு, ஒரே பணியைச் செய்யும் அளவுகளையே ஒப்பிட வேண்டும். ஒரு செயலில் இறங்குமுன் அதனால் அழிவது எவ்வளவு, ஆவது எவ்வளவு, முடிவில் எஞ்சும் ஊதியம் எவ்வளவு என்று எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதைத் தெரிந்து செயல்வகை என்னும் அதிகாரத்தின் தொடக்கத்திலேயே வள்ளுவர் வைத்துள்ளார். அவ்வறிவுரையை எண்களில் எழுதிக் காட்டுவதே இம்மதிப்பீடு எனலாம்.

இக்கணக்கு முதலில் தந்தவை பெரும்பாலும் வியப்பான விடைகளே. கனடாவின் விக்டோரியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ட்டின் ஹாக்கிங் என்னும் வேதியியலறிஞர் 1991-இல் தாள் குவளையையும் நுரை நெகிழிக் குவளையையும் ஒப்பிட்டு, தாளே மேல் என்னும் பொதுக் கருத்தை ஐயத்துக்குள்ளாக்கினார். 1994-இல் அவர் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், பீங்கான் குவளை ஒன்று தாள் குவளைகளைவிட ஆற்றலைச் சேமிக்க வேண்டுமாயின் அதை 39 முறையாவது பயன்படுத்த வேண்டும் எனக் கணக்கிட்டார். குவளையைச் சுட்டெடுக்கும் சூளைக்கும் அதைக் கழுவும் வெந்நீருக்கும் ஆற்றல் செலவாகிறது அல்லவா? 39 முறை என்பது வீட்டில் சில வாரங்களில் கடந்துவிடும் எண். ஒரு விழாவுக்கு வாங்கிப் பின் அலமாரியில் அடைத்து வைக்கும் குவளைக்கோ எட்டாத எண்.

இரண்டு அறிக்கைகள்

பைகளைப் பற்றிய கணக்கில் இரண்டு அறிக்கைகள் பெரும்புகழ் பெற்றன. முதலாவது, இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்டது. 2006-இல் பேரங்காடிகளில் வழங்கிய பைகளை ஆராய்ந்த அவ்வறிக்கை, ஒரே ஒரு முறை பயன்படுத்தி எறியப்படும் மெல்லிய நெகிழிப் பையை அளவுகோலாகக் கொண்டது. புவி வெப்பமாதலைப் பொறுத்தவரை அதனினும் குறைந்த கேடு விளைவிக்க, தாள்பையை 3 முறையும், தடித்த நெகிழிப் பையை 4 முறையும், நெய்யப்படாத பாலிபுரொப்பிலீன் பையை 11 முறையும், பருத்திப் பையை 131 முறையும் பயன்படுத்த வேண்டும் என அது கண்டது. அந்த மெல்லிய பைகள் அனைத்தும் வீட்டில் குப்பைத் தொட்டியின் உறையாக மீண்டும் பயன்படுமாயின், பருத்திப் பைக்குரிய எண் 327 ஆக உயரும் எனவும் அது கூறிற்று.

இவ்வெண்களை வாழ்க்கையோடு பொருத்திப் பார்த்தல் வேண்டும். வாரம் ஒரு முறை கடைக்குச் செல்பவர் 131 முறையை எட்ட இரண்டரை ஆண்டுகள் ஆகும். 327 முறையை எட்ட ஆறாண்டுகளுக்கு மேலாகும். ஒரு பருத்திப் பை அவ்வளவு காலம் உழைக்கும், ஐயமில்லை. ஆனால் கருத்தரங்கில் ஒன்று, கண்காட்சியில் ஒன்று, பள்ளி விழாவில் ஒன்று எனப் பத்துத் துணிப்பைகளைச் சேர்த்து வைத்திருப்பவருக்கு அக்கணக்கு பத்து மடங்காகிறது. அவருடைய வாழ்நாளில் அது நிறைவேறுமா என்பது கேள்விக்குரியது.

பருத்திக்கு ஏன் இத்துணைப் பெரிய எண்? பருத்தி இயற்கையின் கொடை என்பது உண்மை. ஆயினும் பருத்தி வயலுக்கு நீரும் உரமும் பூச்சிமருந்தும் வேண்டும். நூற்பதற்கும் நெய்வதற்கும் ஆற்றல் வேண்டும். மத்திய ஆசியாவில் பருத்திச் சாகுபடியைப் பெருக்குவதற்காகச் சோவியத் அரசு 1960 முதல் அமு, சிர் ஆகிய ஆறுகளின் நீரைப் பெருமளவில் திருப்பிவிட்டதனால், உலகின் மாபெரும் ஏரிகளில் ஒன்றாக விளங்கிய ஏரல் கடல் வற்றிப் பல துண்டுகளாகிப் போனது. மீன்பிடிப் படகுகள் மணலில் தரைதட்டி நின்ற காட்சியை உலகம் கண்டது. ‘இயற்கைப் பொருள்’ என்னும் ஒரு சொல் இவ்வளவையும் மறைத்துவிடக்கூடும்.

இரண்டாவது அறிக்கையை டென்மார்க்கின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2018-இல் வெளியிட்டது. இயற்கை வேளாண்மையில் விளைந்த பருத்தியாலான பையை 20,000 முறை பயன்படுத்த வேண்டும் என்னும் எண் அதிலிருந்தே உலகெங்கும் பரவிற்று. நாள்தோறும் பயன்படுத்தினாலும் ஐம்பத்து நான்கு ஆண்டுகள் ஆகும்! செய்தித்தாள்கள் இவ்வெண்ணைத் தலைப்பாக்கின. ‘துணிப்பை தீது, நெகிழிப் பையே நன்று’ என்று முடிவு கட்டியோரும் பலர்.

ஆனால் அறிக்கையை முழுமையாகப் படித்தவர் வேறொன்றைக் கண்டனர். புவி வெப்பமாதலை மட்டும் கொண்டு பார்த்தால், அதே அறிக்கையில் சாதாரணப் பருத்திப் பைக்குரிய எண் 52. இயற்கை வேளாண்மைப் பருத்திப் பைக்குரிய எண் 149. எல்லா வகைக் கேடுகளையும் தனித்தனியே எடுத்து, அவற்றுள் மிக மோசமான ஒன்றிலும் நெகிழிப் பைக்குத் தோற்கக்கூடாது என்று கேட்டபோதுதான் 7,100 என்றும் 20,000 என்றும் எண்கள் எழுந்தன. அவ்வெண்களை உயர்த்தியது ஓசோன் படலத்தின் தேய்வு என்னும் ஒரே அளவுகோல். மேலும், ஆய்வுக்கு எடுத்த இயற்கை வேளாண்மைப் பருத்திப் பை சற்றே சிறிதாக இருந்தமையால், ஒன்றுக்கு ஈடாக இரண்டு பைகள் கணக்கில் கொள்ளப்பட்டன. எண் பொய்யன்று, ஆயின் எந்த வினாவுக்கு விடையாக அது பிறந்தது என்பதைக் கேளாமல் எடுத்தாண்டவர் பொய்யைப் பரப்பினர்.

கணக்கில் வாராதவை

இவ்வறிக்கைகளில் இன்னொரு நுட்பமும் உண்டு. தெருவிலும் ஆற்றிலும் கடலிலும் வீசப்படும் பைகளால் நேரும் கேட்டை டென்மார்க்கின் ஆய்வு கணக்கில் சேர்க்கவில்லை. குப்பை ஒழுங்காகச் சேகரிக்கப்பட்டு எரிக்கப்படும் அந்நாட்டில் அக்கேடு புறக்கணிக்கத்தக்கது என்று ஆய்வாளர் கருதினர். அக்கருத்து அந்நாட்டுக்குப் பொருந்தலாம். எல்லா நாட்டுக்கும் பொருந்தாது.

வங்காளதேசத்தில் 1988, 1998 ஆகிய ஆண்டுகளில் நேர்ந்த பெருவெள்ளங்களின்போது, வடிகால்களை அடைத்துக்கொண்டு நீரை வடியவிடாமல் செய்தவற்றுள் பாலித்தீன் பைகளும் அடங்கும் எனக் கண்டனர். 2002-இல் அந்நாடு மெல்லிய பாலித்தீன் பைகளைத் தடைசெய்தது. உலகில் அவ்வாறு செய்த முதல் நாடும் அதுவே. டாக்காவின் சேரியில் முழங்காலளவு நீரில் நின்றவருக்குப் பருத்திப் பை 131 முறையா 327 முறையா என்னும் கணக்கு பொருட்டன்று. அவருக்கு முன்னிருந்த கேடு வேறு. ஆகவே அளவுகோலும் வேறு.

கடல்வாழ் உயிர்களின் நிலையும் அத்தகையதே. மிதக்கும் பையை இழுதுமீன் என்று கருதித் தோணியாமைகள் விழுங்குகின்றன. 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இறந்த தோணியாமைகள் 408-இன் உடற்கூறாய்வுப் பதிவுகளைத் திரட்டி, அவற்றுள் 34 விழுக்காட்டின் வயிற்றில் நெகிழி இருந்ததைக் காட்டியது. இங்கும் அறிவியல் நோக்கு எச்சரிக்கையைக் கோருகிறது. திரங்கானுவின் ரந்தாவ் அபாங் கடற்கரைக்கு 1950-களில் பெருந்திரளாக வந்து முட்டையிட்ட தோணியாமைகள் பிற்காலத்தில் வாராதொழிந்தமைக்கு, பல்லாண்டுகளாக முட்டைகள் எடுக்கப்பட்டதும் மீன்வலைகளில் ஆமைகள் சிக்கி மடிந்ததுமே தலையாய காரணங்கள். பழி முழுவதையும் பையின்மீது சுமத்தினால், உண்மைக் காரணங்கள் கண்ணுக்குத் தப்பிவிடும்.

சட்டமும் மக்களும்

அயர்லாந்து 2002 மார்ச்சில் பையொன்றுக்கு 15 சென்ட் வரி விதித்தது. ஆளொருவருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 328 என்றிருந்த பைகளின் எண்ணிக்கை 21 ஆகக் குறைந்தது. மலேசியாவில் பினாங்கு மாநிலம் 2009-இல் வாரத்தில் ஒரு நாள் இலவச நெகிழிப் பையை நிறுத்தியது; 2011 முதல் எல்லா நாளும் நிறுத்தி, பைக்கு 20 சென் கட்டணம் பெறச் செய்தது. சிலாங்கூர் 2017-இல் அவ்வழியைப் பின்பற்றியது. சிங்கப்பூரில் பெரிய பேரங்காடிகள் 2023 ஜூலை 3 முதல் பையொன்றுக்குக் குறைந்தது 5 காசு வாங்கத் தொடங்கின. பழக்கத்தை மாற்ற அறிவுரையைவிடச் சிறு காசு வலிது என்பதை இவை காட்டுகின்றன. வங்காளதேசத்திலோ தடை ஏட்டளவில் தளர்ந்து, பைகள் சந்தைக்குத் திரும்பின. 2024-இல் அரசு அத்தடையை மீண்டும் நடைமுறைப்படுத்த முனைய வேண்டியதாயிற்று.

எனினும் குறைந்த பைகள் எல்லாம் உண்மையில் குறைந்தனவா? அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஊர்தோறும் வந்த தடைகளை ஆராய்ந்து 2019-இல் வெளியான ஆய்வொன்று இவ்வினாவை எழுப்பிற்று. தடைகளால் 4 கோடி பவுண்டு எடையுள்ள கடைப்பைகள் குறைந்தன. ஆனால் குப்பைத் தொட்டிக்கென மக்கள் விலைகொடுத்து வாங்கிய பைகள் 1 கோடியே 20 இலட்சம் பவுண்டு கூடின. கடைப்பை இலவசமாகச் செய்துவந்த பணியை வேறொரு பை செய்யத் தொடங்கிற்று. நன்மை விளைந்தது உண்மை. நினைத்த அளவுக்கு விளையவில்லை என்பதும் உண்மை.

சிங்கப்பூர்வாசிகளுக்கு இச்செய்தி நன்கு விளங்கும். அடுக்குமாடி வீட்டில் குப்பையைப் பையில் கட்டியே குழாய்வழிப் போடவேண்டும். அக்குப்பை எரியுலைக்குச் சென்று, சாம்பல் 1999-இல் திறக்கப்பட்ட செமாக்காவ் தீவின் குப்பை நிலத்தைச் சேர்கிறது. கடைப்பையைக் குப்பைப் பையாக்கும் குடும்பம் அதை இருமுறை பயன்படுத்துகிறது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல், குப்பை கசியாமல் சேகரித்து எரிக்கப்படும் இத்தகைய நகரங்களில் தாள்பையையும் பருத்திப் பையையும்விட, பலமுறை பயன்படும் நெகிழிப் பைகள் சூழலுக்குக் குறைந்த கேடு தரக்கூடும் எனக் கூறியதற்குக் காரணமும் இந்நகரமைப்பே. அதே முடிவை ஆற்றோரச் சிற்றூர் ஒன்றுக்கு எடுத்துச் சென்றால் அது தவறாகிவிடும்.

மாணவர் கைக்கொள்ளத்தக்கது

இவ்வரலாற்றிலிருந்து இருவேறு தவறான பாடங்களைக் கற்க இடமுண்டு. துணிப்பை ஏந்தியவுடன் உலகைக் காத்துவிட்டதாக மகிழ்வது ஒன்று. கணக்கு சிக்கலாக இருக்கிறது. ஆகவே எதைச் செய்தாலும் ஒன்றுதான் என்று சோம்பியிருப்பது மற்றொன்று. இரண்டாவது முதலாவதைவிடத் தீது. அறிவியல் ஐயத்தை எழுப்புவது செயலை நிறுத்துவதற்கன்று, செயலைத் திருத்துவதற்கே.

செயலின் அளவையும் மறத்தலாகாது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ 2.3 கிலோகிராம் கரியமில வாயு வெளியாகிறது. எட்டுக் கிராம் எடையுள்ள மெல்லிய பையொன்றால் வெளியாவது அதனினும் பன்மடங்கு குறைவு. துணிப்பையோடு தனியாகக் காரில் ஏறி, நடந்து செல்லத்தக்க கடைக்குப் போய் வருபவர் சிறியதைச் சேமித்துப் பெரியதைச் செலவிடுகிறார். வாங்கிய உணவைக் கெட்டுப்போக விட்டு எறிபவரும் அவ்வாறே. பை கண்ணில் படுகிறது; புகை படுவதில்லை. கண்ணில் படுவதையே பெரிதென்று மதிப்பிடும் வழக்கத்தைத் திருத்துவதுதான் கல்வியின் வேலை.

வகுப்பறையில் இதனை எளிதாகச் செய்து பார்க்கலாம். மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டில் எத்தனை துணிப்பைகள் உள்ளன, ஒரு மாதத்தில் ஒவ்வொன்றும் எத்தனை முறை வெளியே சென்றது, கடைப்பைகள் முடிவில் எங்குச் சேர்ந்தன என்று எழுதி வந்தால், ஒரு பருவத்திற்குள் அவ்வகுப்புக்கே உரிய கணக்கு உருவாகிவிடும். அவ்வாறு எழுதிய மாணவர் அடுத்த கட்டுரையில் வெறும் முழக்கத்தோடு நிறுத்தமாட்டார்.

தமிழ்நாட்டரசு 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்னும் இயக்கத்தைத் தொடங்கியபோது, பழைய பழக்கமொன்று புதுப்பெயர் பெற்றது. திருமணத்தில் தாம்பூலத்தோடு வந்த மஞ்சள் பை, முதலில் கடைக்குச் சென்றது. பிறகு பள்ளிக்குப் புத்தகம் சுமந்தது. கைப்பிடி அறுந்தபின் தைக்கப்பட்டது. நிறம் வெளுத்தபின் வீட்டில் வேறு பணிக்கு வந்தது. அதை எத்தனை முறை பயன்படுத்தினார்கள் என்று எவரும் எண்ணவில்லை. எண்ணியிருந்தால் 131 என்பது மிகச் சிறிய எண்ணாகத் தோன்றியிருக்கும். அப்பை சிறந்தது அது துணியாக இருந்ததனாலன்று. தேயும்வரை அதை விடாமல் பயன்படுத்தியதனால். இன்று கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் பத்துப் புதிய துணிப்பைகளுள் பழையது எதுவோ, அதையே எடுத்துக்கொண்டு நடந்து கடைக்குச் செல்பவர் அக்கணக்கைச் சரியாகத் தொடங்கியவராவார்.